கடலை மாவும் தண்ணீர்க் கணக்கும்

கடந்த வருடம் வாப்பாவின் சத்திரசிகிச்சைக்காக நாங்கள் சென்னைக்குப் போயிருந்தோம். திருவல்லிக்கேணியில் ஒரு சிறிய விடுதியில் 23 நாட்கள் தங்கினோம். வைத்தியசாலையில் நோயாளியோடு ஒருவர் மட்டுமே நிற்கலாம் என்பதால் உம்மா அங்கே நிற்பார். நானும் தம்பியும் சாச்சாவோடு விடுதியில் இருப்போம். பகல் முழுவதும் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அஸர் தொழுத பிறகு சாச்சா எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போவார். எங்கே போனாலும் முடிவில் தெருமுனையில் நின்ற ஒரு பஜ்ஜி வண்டியில்தான் போய் நிற்போம். அது மரக்கறிப் பண்டம், ஹலாலா இல்லையா என்று விசாரிக்கத் தேவையில்லை, விலையும் குறைவு. அந்த இரண்டு காரணங்களும் சாச்சாவுக்குப் போதும்.

வண்டிக்காரப் பெண் எங்கள் பேச்சைக் கேட்ட முதல் நாளே, "இன்னாம்மா, சிலோனா?" என்று சிரித்தார். நான் அவருடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அளவுக் கோப்பை எதுவும் அவரிடம் இல்லை. மாவைக் கொட்டினார், உப்பும் மிளகாய்த்தூளும் பெருங்காயமும் போட்டார், தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்துக் கரைத்தார். ஒரு வாழைக்காய்த் துண்டை உள்ளே போட்டு எடுத்து, அதிலிருந்து மா வழிவதைப் பார்த்தார். இன்னும் இரண்டு தெளிப்பு. பிறகுதான் எண்ணெயில் போட்டார்.

"அக்கா, இதுக்குக் கோதுமை மாவும் சேர்ப்பீங்களா?" என்று கேட்டேன்.

"அது போட்டா ரப்பர் மாதிரி இழுக்கும் பாப்பா. கடலை மாவு, மொறுமொறுன்னு வர கொஞ்சம் அரிசி மாவு. அப்புறம் தண்ணி பாத்து ஊத்தணும், அவ்ளோதான்."

அந்த "அவ்ளோதான்" எவ்வளவு பெரியது என்பது ஊருக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வாப்பா பல மாதங்கள் கடை திறக்க முடியாமல் வீட்டில் இருந்தார். ரமழான் வந்ததும் உம்மா பின்னேரங்களில் பக்கோடாவும் பூந்தியும் செய்து விற்கத் தொடங்கினார். அந்த முப்பது நாளும் எங்கள் வீட்டின் வருமானம் கடலை மாவில்தான் இருந்தது. எனவே நான் இதை எழுதுவது பாடப் புத்தகம் பார்த்து மட்டுமல்ல. கொஞ்சம் எண்ணெய்ச் சூடு பட்ட கையாலும்தான்.

முதலில் பெயரில் உள்ள ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாம் "கடலை" என்றால் அவித்துத் தாளித்துச் சாப்பிடும் கடலையைச் சொல்கிறோம். சென்னையில் நான் ஒரு கடையில் "கடலை" கேட்டபோது கச்சானைக் கட்டித் தந்தார்கள். அங்கே கச்சானுக்கு வேர்க்கடலை என்று பெயர். பேச்சு வழக்கில் வெறும் "கடலை". நம்முடைய கடலை அவர்களுக்குக் கொண்டைக்கடலை. ஆனால் "கடலை மாவு" என்று சொன்னால் மட்டும் அங்கும் இங்கும் ஒரே பொருள்தான். ஹிந்தியில் அதற்கு பேசன் என்று பெயர். கொண்டைக்கடலையில் இரண்டு வகை உண்டு. பெரிதாக, வெளிர் நிறத்தில் இருப்பது காபூலி. சிறிதாக, கபில நிறத் தோலோடு இருப்பது நாட்டுக் கடலை. நாட்டுக் கடலையின் தோலை நீக்கி இரண்டாக உடைத்தால் வடைக்குப் போடும் கடலைப்பருப்பு. அதை அரைத்தால் கடலை மா.

இந்தப் பயிரின் பூர்வீகம் இன்றைய துருக்கியின் தென்கிழக்குப் பகுதி என்கிறார்கள். ஆனால் இன்று உலகிலேயே அதிகமாக விளைவிப்பதும் அதிகமாக உண்பதும் இந்தியாதான். மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களில் குளிர்காலப் பயிராக விதைத்து வசந்த காலத்தில் அறுவடை செய்கிறார்கள். அதிக மழை வேண்டாத பயிர் என்பதால் வறண்ட நிலங்களுக்கு ஏற்றது. அந்த வறண்ட மாநிலங்களிலேயே கடலை மாப் பண்டங்கள் மிக அதிகமாக இருப்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

சரி, கோதுமை மா ஏன் ரப்பர் மாதிரி இழுக்கிறது? கோதுமைப் புரதங்கள் தண்ணீருடன் சேர்ந்து பிசையப்படும்போது குளுட்டன் என்னும் மீள்தன்மையுள்ள வலை உருவாகிறது. ரொட்டிக்கும் பராட்டாவுக்கும் அது வேண்டும். பஜ்ஜியின் மேற்பூச்சுக்கு வேண்டாம். கடலை மாவில் குளுட்டன் கிடையாது. ஆனால் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் புரதம் இருக்கிறது. இந்தப் புரதம் தண்ணீரை உறிஞ்சிப் பசைபோலாகி, எண்ணெயில் பட்டவுடன் முட்டை வெள்ளைக்கருவைப்போல இறுகிவிடும். அதனால்தான் முட்டை இல்லாமலே அது காய்கறியை இறுகப் பிடித்துக்கொள்கிறது. கோதுமை மாக் கரைசலை அதிகம் அடித்தால் அது இறுகும். கடலை மாக் கரைசலை அடித்தால் காற்றுப் புகுந்து மென்மையாகும். எத்தனை நிமிடம் அடித்தாலும் கோபித்துக்கொள்ளாத மா இது.

பொன்னிறத்துக்கும் வாசனைக்கும் காரணம், சூட்டில் புரதத்தின் அமினோ அமிலங்களும் வெல்லங்களும் சேர்ந்து நிகழும் மேலார்ட் தாக்கம். பச்சை மாவைச் சிறிது நாக்கில் வைத்துப் பாருங்கள், கசப்பும் ஒருவிதப் பச்சை வாசமும் தெரியும். அவித்த கடலையில் அது இருக்காது. கடலை மாப் பண்டங்கள் எல்லாவற்றிலும் அந்தப் பச்சை வாசத்தை விரட்டுவதுதான் முதல் வேலை. அதற்குச் சிலர் எண்ணெயை நாடுகிறார்கள், சிலர் நெய்யில் வறுக்கிறார்கள்.

இந்தியாவில் ஒவ்வோர் ஊரிலும் இதற்கு வெவ்வேறு பெயர். நாம் பஜ்ஜி என்பது குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் பஜியா, பஜி. வட இந்தியாவில் பக்கோடா. உள்ளே வைப்பது வெங்காயம், கத்தரிக்காய், கீரை, பனீர் என்று எதுவாகவும் இருக்கலாம். சென்னை மெரீனாக் கடற்கரையில் நீளமான மிளகாயை வைத்துச் செய்கிறார்கள். காரம் அவ்வளவு இல்லை என்று சொல்லித் தம்பியை ஏமாற்றலாம். மும்பையின் வடா பாவ் உருளைக்கிழங்கு மசாலா உருண்டையைக் கடலை மாவில் தோய்த்துப் பொரித்து, பாணுக்குள் வைத்துக் கொடுப்பது. 1966 இல் தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே அசோக் வைத்யா என்பவர் இதை விற்கத் தொடங்கினார் என்பார்கள். ஆலைத் தொழிலாளர்கள் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு ஓடக்கூடிய உணவாக அது நிலைத்துவிட்டது. ஒன்றைக் கவனியுங்கள். மிளகாயும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். போர்த்துக்கேயர் வந்த பிறகே இந்தியாவுக்கு அறிமுகமானவை. மிளகாய் பஜ்ஜியையும் உருளைக்கிழங்கு போண்டாவையும் நாம் "பாரம்பரியம்" என்கிறோம். ஆனால் அவற்றில் பழையது மேலே பூசிய மாதான். உள்ளே இருப்பது விருந்தாளி.

இனித் தண்ணீருக்கு வருவோம். எங்கள் வீட்டின் முதல் நோன்பு நாளில் நடந்தது வெங்காயப் பக்கோடா. இரண்டு கிலோ வெங்காயத்தை நானும் உம்மாவும் கண்ணீரோடு வெட்டினோம். மா, மிளகாய்த்தூள், கறிவேப்பிலை, உப்பு சேர்த்து, சென்னை அக்காவை நினைத்துக்கொண்டு நான் தண்ணீர் தெளித்தேன். பிசையும்போது சரியாகத்தான் இருந்தது. பத்து நிமிடத்தில் பார்த்தால் கலவை கஞ்சிபோலத் தளர்ந்திருந்தது. இன்னும் மா போட்டோம். மறுபடியும் தளர்ந்தது. பொரித்தெடுத்த பக்கோடா பார்க்க அழகாக இருந்தாலும் மஃரிபுக்கு முன்பே தொய்ந்துபோனது. கடதாசிப் பைகளில் எண்ணெய் வட்டம் வட்டமாக ஊறியது. மூன்று பொதிகள் திரும்பி வந்தன. திருப்பிக் கொண்டு வந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

நான் செய்த பிழை என்னவென்று உயிரியல் பாடம் படிக்கும் எந்தத் தோழிக்கும் உடனே புரியும். உப்புப் பட்ட வெங்காயத்தின் கலங்களிலிருந்து பிரசாரணத்தால் தண்ணீர் வெளியேறும். அந்தத் தண்ணீரே மாவைப் பிசையப் போதுமானது. பக்கோடாவுக்கு வெங்காயத்தை முதலில் உப்போடு பிசறி ஒரு கால் மணித்தியாலம் விட வேண்டும். பிறகு அது விட்ட நீரில் மாவைத் தூவிப் பிரட்ட வேண்டும். வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம். வெங்காய இழைகள் ஒன்றோடொன்று லேசாக ஒட்டினால் போதும், உருண்டை பிடிக்கக் கூடாது. சூடான எண்ணெய் ஒரு கரண்டியும் அரிசி மா ஒரு கைப்பிடியும் சேர்த்தால் நீண்ட நேரம் மொறுமொறுப்பாக இருக்கும். பரீட்சைக்குப் பிரசாரணத்தை மூன்று தடவை படம் வரைந்து படித்த எனக்கு, வெட்டிய வெங்காயத்தைப் பார்த்து அது ஞாபகம் வரவில்லை.

எண்ணெய் ஊறியதற்கும் தண்ணீரே காரணம். பொரியும்போது குமிழ் குமிழாக வருவது எண்ணெய் கொதிப்பதல்ல, மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியே ஓடுவது. ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரை எண்ணெய் உள்ளே வர முடியாது. பண்டத்தைத் தூக்கிய பிறகு அது ஆறும்போது, உள்ளே மிஞ்சிய ஆவி ஒடுங்கி அமுக்கம் குறைய, மேலே ஒட்டியுள்ள எண்ணெய் துளைகளுக்குள் இழுக்கப்படுகிறது. ஆகவே எண்ணெய் பெரும்பாலும் உள்ளே போவது தாச்சிக்கு வெளியே வந்த பிறகுதான். தூக்கியவுடன் நன்றாக உதறி வடிய விடவேண்டும் என்று மூத்தவர்கள் சொல்வது சும்மா இல்லை. தண்ணீர் கூடினால் துளைகளும் கூடும், எண்ணெயும் கூடும். சூடு குறைந்தால் மேற்பரப்பு இறுக நேரமாகும். 170 முதல் 180 பாகை செல்சியஸ் வரை நல்ல சூடு. வெப்பமானி இல்லாத வீட்டில் ஒரு துளி மாவைப் போட்டுப் பார்க்கலாம். அது அடியில் தங்காமல் உடனே மேலே வர வேண்டும், ஆனால் வந்ததும் கறுக்கக் கூடாது. எண்ணெய்ப் போத்தலின் விலையை நினைத்தால் இது சுகாதாரக் கணக்கு மட்டுமல்ல, பணக் கணக்கும்தான். இரண்டாம் வாரத்திலிருந்து எங்களுக்கு நாளொன்றுக்குத் தேவைப்பட்ட எண்ணெய் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது.

தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி, மாவைக் கையில் ஒட்டாத அளவுக்குப் பிசைந்து உரலில் பிழிந்தால் சேவ். தமிழ்நாட்டில் ஓமம் சேர்த்து மெல்லியதாகப் பிழிவது ஓமப்பொடி. மிளகு போட்டுத் தடிப்பாகப் பிழியும் காராச்சேவுக்குச் சாத்தூர் பெயர்போனது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லாமில் கராம்பு சேர்க்கிறார்கள். அந்த மாநிலத்தில் காலை உணவான அவல் மேலேயும் சேவ் தூவித்தான் கொடுப்பார்களாம். ராஜஸ்தானின் பிக்கானேர் நகரத்துப் புஜியா இன்னும் மெல்லியது. மோட் என்னும் பாலைநிலப் பயறின் மாவோடு கடலை மா சேர்த்துச் செய்வது. 1877 இல் மகாராஜா துங்கர் சிங் காலத்தில் முதலில் செய்யப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. 2010 இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை வேறு ஊர்க்காரர் போட்டுக்கொள்ள முடியாது. நம் கடைகளிலும் பளபளக்கும் பைகளில் தொங்கும் ஹல்திராம் பிக்கானேரில் ஒரு சிறு புஜியாக் கடையாகத் தொடங்கியதுதான்.

குஜராத்தின் பாஃப்டாவும் காந்தியாவும் இதே குடும்பம். பாஃப்டா செய்பவர்கள் மாவை ஒரு மரப்பலகையில் வைத்து உள்ளங்கையால் ஒரே இழுப்பில் நீளமாகத் தேய்த்து, கத்தியால் வழித்தெடுத்து எண்ணெயில் விடுகிறார்கள். ஒளிப்படக் காட்சியில் பார்த்துவிட்டு நானும் பலகையோடு உட்கார்ந்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதத் தேவையில்லை.

ஓமத்தையும் பெருங்காயத்தையும் ஏன் இவ்வளவு விடாமல் போடுகிறார்கள்? கடலையில் உள்ள ராஃபினோஸ் போன்ற சில வெல்லங்களைச் சமிக்கச் செய்யும் நொதியம் நம்மிடம் இல்லை. அவை பெருங்குடல் வரை போய்ப் பற்றீரியாக்களுக்கு உணவாகி வாயு உண்டாகிறது. அதனால் ஏற்படும் வயிற்று உப்புசத்துக்கு மருந்தாகத்தான் பழைய சமையற்காரர்கள் ஓமத்தையும் பெருங்காயத்தையும் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் மூத்தம்மா ஓமமில்லாத பக்கோடாவைத் தொடமாட்டார்.

கரைசல் இன்னும் தளர்ந்தால் பூந்தி. ஹிந்தியில் பூந்த் என்றால் துளி. பெயரிலேயே செய்முறை இருக்கிறது. துளைக் கரண்டியைக் காய்ந்த எண்ணெய்க்கு மேல் பிடித்துக் கரைசலை ஊற்றினால் துளித் துளியாக விழும். முதற் கரண்டியே கரைசலைப் பற்றி எல்லாம் சொல்லிவிடும். பூந்திக்கு வால் முளைத்தால் தண்ணீர் போதாது. தட்டையாகப் பரவினால் தண்ணீர் கூடிவிட்டது. உருண்டையாக வந்தால் கையை அசைக்காமல் தொடருங்கள். ஒவ்வொரு தடவையும் கரண்டியைக் கழுவித் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் காய்ந்த மா துளைகளை அடைத்துவிடும். எங்கள் வீட்டில் அந்தக் கழுவும் வேலை தம்பிக்கு. ரமழான் முடியும்போது அவன் கரண்டியின் துளைகளை எண்ணி வைத்திருந்தான், 94.

பொரித்த பூந்தியைச் சீனிப் பாகில் ஊறவிட்டு உருட்டினால் லட்டு. வட இந்தியாவில் அரிசி மணியைவிடச் சிறிதாகப் பொரித்து உருட்டுவதை மோத்திசூர் என்கிறார்கள், முத்துத் துகள் என்று பொருள். ஆந்திராவில் திருப்பதிக் கோயில் லட்டும் கடலை மாப் பூந்தியில் செய்வதுதான். 2009 இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பீகாரில் பட்னாவுக்கு அருகே மனேர் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஸூஃபி ஞானி மக்தூம் யஹ்யா மனேரி அடக்கமாகியுள்ள ஊர். அங்கே ஸியாரத்துக்கு வருபவர்கள் திரும்பும்போது வாங்கிப்போவதும் லட்டு. ஒரே இனிப்பை ஓர் ஊரில் கோயிலில் இருந்தும் இன்னோர் ஊரில் தர்காத் தெருவிலிருந்தும் வீட்டுக்குக் கொண்டு போகிறார்கள்.

நோன்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். டில்லி, லக்னோ பக்கத்து முஸ்லிம் வீடுகளில் நோன்பு திறக்கும் விரிப்பில் பக்கோடா இல்லாத நாள் அரிது. அங்கே தஹி புல்கி என்றும் ஒன்று செய்வார்கள். கடலை மா உருண்டைகளைப் பொரித்து, உடனே தண்ணீரில் ஊறவைத்து, மெதுவாகப் பிழிந்து, சீரகத்தூள் தூவிய தயிரில் போடுவது. இவ்வளவு பாடுபட்டு வெளியேற்றிய தண்ணீரைத் திரும்ப உள்ளே விடுகிறார்களே என்று தோன்றும். ஆனால் ஆவி விட்டுப்போன துளைகள்தான் இங்கே பயன்படுகின்றன, தயிர் அவற்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. நாள் முழுவதும் தாகித்திருந்தவருக்கு மொறுமொறுப்பைவிட இது இதமானது.

தண்ணீரே இல்லாத பண்டமும் உண்டு, வட இந்தியாவின் பேசன் லட்டு. சற்றுக் கரகரப்பாக அரைத்த மாவை நெய்யில் மெல்லிய தீயில் அரை மணித்தியாலமளவு வறுக்கிறார்கள். நிறம் மாறி வாசனை வந்ததும் இறக்கி, ஆறவிட்டு, அரைத்த சீனி சேர்த்து உருட்டுகிறார்கள். சூட்டோடு சீனியைப் போட்டால் இளகிவிடும். பொறுமை மட்டும்தான் கேட்கும். அவசரக்காரருக்குப் பச்சை வாசம்தான் மிஞ்சும்.

எல்லாவற்றிலும் கடினமானது மைசூர்பாகு. மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் அரண்மனைச் சமையற்காரர் காகாசுர மாதப்பா இதைச் செய்தார் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கதை. மன்னர் பெயர் கேட்டபோது, பாகில் செய்ததால் "மைசூர் பாக" என்றாராம். அவருடைய வழித்தோன்றல்கள் இன்றும் மைசூரில் இனிப்புக் கடை நடத்துகிறார்கள். தேவையானவை நான்கே பொருட்கள்: மா, சீனி, நெய், தண்ணீர். அதில் தண்ணீர் கடைசியில் மிஞ்சக் கூடாது.

சீனியை ஒரு கம்பிப் பதத்துக்குக் காய்ச்ச வேண்டும், அதாவது விரல்களுக்கிடையே தொட்டு இழுத்தால் ஒரு நூல் அறாமல் வரவேண்டும். அரித்த மாவைத் தூவிக் கிளறிக்கொண்டே, பக்கத்து அடுப்பில் கொதிநிலைக்கும் மேலாகச் சூடேறிய நெய்யைக் கரண்டி கரண்டியாக விட வேண்டும். நெய் விழுந்தவுடன் சர்ரென்று நுரைக்கும். பாகிலுள்ள நீர் அந்தச் சூட்டில் ஆவியாகிப் பாய்வதால்தான் அந்த நுரை. அந்த நேரத்திலேயே சீனி இறுகத் தொடங்குவதால் ஆவி போன வழிகள் துளைகளாகவே உறைந்துவிடும். நல்ல மைசூர்பாகை உடைத்துப் பார்த்தால் தேன்கூடுபோல இருப்பது இதனால். தட்டில் கொட்டிய பிறகும் நடுப்பகுதியில் சூடு தங்கி நிற்பதால் நடு மட்டும் கபில நிறமாகும். மேலும் கீழும் மஞ்சள், நடுவில் கபிலம். அது கருகியதல்ல, கைபதமான அடையாளம். இப்போது நகரத்துக் கடைகளில் நெய் வடியும் மென்மையான வகையைத்தான் அதிகம் விற்கிறார்கள். என்னைக் கேட்டால் துளை விழுந்த பழைய வகைதான் மைசூர்பாகு. மற்றது ஹல்வாவின் தங்கை.

நான் இரண்டு முறை செய்தேன். முதல் முறை நெய்யைச் சூடாக்காமல் விட்டதால் நுரைக்கவே இல்லை, களிபோல நின்றது. இரண்டாம் முறை நன்றாக நுரைத்தது, அதைப் பார்த்த சந்தோஷத்தில் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் வந்து சேர்வதற்குள் பதம் தப்பிவிட்டது. வெட்டக் கத்தியை வைத்ததும் முழுத்தட்டும் தூளானது. அந்தத் தூளை உம்மா பால் தேநீருக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தார்.

இனி, பிடிக்காத ஒரு விஷயத்தையும் எழுத வேண்டும். கடலை மாவின் இயல்பான நிறம் வெளிர் மஞ்சள். ஆனால் வாடிக்கையாளர் பளிச்சென்ற மஞ்சளைத்தான் நல்லது என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைப் பயன்படுத்தி மெற்றனில் மஞ்சள் என்னும் சாயத்தை மாவிலும் இனிப்பிலும் கலப்பது இந்தியாவில் நெடுநாளாகப் பிடிபட்டு வரும் மோசடி. அது துணிக்கும் கடதாசிக்கும் போடும் சாயம், உணவில் அனுமதிக்கப்படாதது.

இதைவிடக் கொடியது கேசரிப் பருப்பு. மழை பொய்த்தாலும் விளையும் ஒரு பயறு இது. உடைத்தால் கடலைப்பருப்பைப் போலவே இருக்கும், விலை குறைவு. எனவே அதை அரைத்துக் கடலை மாவில் கலந்தார்கள். அதிலுள்ள ஒரு நச்சு அமினோ அமிலம், தொடர்ந்து பல மாதங்கள் அதையே பிரதான உணவாக உண்பவர்களின் நரம்பைத் தாக்கிக் கால்களைச் செயலிழக்கச் செய்யும். போன கால் திரும்பி வராது. மத்தியப் பிரதேசத்தின் ரேவாப் பகுதியில் கொத்தடிமைகளாக இருந்த வயற்கூலிகளுக்குக் கூலியாகவே இந்தப் பருப்பைக் கொடுத்திருக்கிறார்கள். உழைத்த கூலியைச் சாப்பிட்டு முடமானார்கள். 1961 இல் இந்தியாவில் இதன் விற்பனைக்குத் தடை வந்தது. ஒரு பண்டத்தை எடுத்துக் கடிக்கும்போது இதெல்லாம் யாருக்குத் தெரிகிறது?

நோன்பு பத்தில் நாங்கள் வழக்கமாக வாங்கிய இடத்தில் மா இல்லை. வேறொரு கடையிலிருந்து ஐந்து கிலோ வந்தது, கொஞ்சம் மலிவு. கரைத்தபோது மரமஞ்சளைப் போல இருந்தது. "நல்ல நிறம்" என்று உம்மா சந்தோஷப்பட்டார். சென்னை அக்காவின் மா அப்படி இருக்கவில்லை என்பது எனக்கு ஞாபகம். ஒரு சிமிழில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய் எங்கள் இரசாயனவியல் ஆசிரியையிடம் காட்டினேன். அவர் முன்னிலையில் ஆய்வுகூடத்தில் கால் தேக்கரண்டி மாவை அற்ககோலில் குலுக்கி நிறத்தைப் பிரித்தெடுத்து, செறிந்த ஐதரோகுளோரிக் அமிலம் சில துளிகள் விட்டோம். கரைசல் ஊதாச் சிவப்பாக மாறியது. "இதோடு முடிவு சொல்லாதே, மஞ்சள் தூள் கலந்திருந்தாலும் இப்படி மாறும்" என்றார் ஆசிரியை. அமிலத்தில் மஞ்சள் தூள் காட்டும் சிவப்பு, தண்ணீர் சேர்த்தால் மறைந்துவிடும். மெற்றனில் மஞ்சளின் நிறம் மறையாது. தண்ணீர் ஊற்றினோம். நிறம் மறையவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மீதி நான்கு கிலோவுக்கு மேல் இருந்தது. அன்றைய கலவையும் தயாராக இருந்தது. உம்மா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அந்த மாவின் விலை எங்கள் இரண்டு நாள் இலாபம். வாப்பாதான் கட்டிலில் இருந்தபடி, "நோன்பாளிக்கு விற்கிறது. கொட்டு" என்றார். கொட்டினோம். கடைக்காரரிடம் சாச்சா போய்க் கேட்டதற்கு, தான் பொதியில் வந்ததை அப்படியே நிறுத்துக் கொடுத்ததாகச் சொன்னாராம். பொதி எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் தெரியவில்லை.

அன்றிலிருந்து கடலைப்பருப்பாகவே வாங்கி, தெரிந்து பார்த்து, வெயிலில் காயவைத்து மில்லில் அரைக்கிறோம். மிளகாய் அரைத்த உடனே நம் மாவைப் போடவிடக் கூடாது, யாராவது அரிசி அரைத்து முடியும் வரை காத்திருக்க வேண்டும். அது ஒரு அரை நாள் வேலை. நிறம் மங்கலாக இருக்கிறதே என்று முதல் நாள் ஒரு மாமி கேட்டார். உம்மா காரணத்தைச் சொன்னார். மறுநாள் அவர் இரண்டு பொதி கூடுதலாக வாங்கினார்.

வாப்பாவுக்கு எண்ணெயில் பொரித்தது கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். வீடு முழுக்கப் பக்கோடா வாசம், அவருக்கு மட்டும் இல்லை. அவருக்காக உம்மா அதே மாவைத் தோசைக் கரைசலைப் போலக் கரைத்து, வெங்காயமும் மல்லித்தழையும் போட்டுக் கல்லில் மெல்லியதாக ஊற்றிக் கொடுப்பார். வட இந்தியாவில் இதற்குச் சீலா என்று பெயர். ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும்.

வாப்பா இப்போது காலையில் மட்டும் கடை திறக்கிறார். மைசூர்பாகை இந்தப் பெருநாளுக்கு மூன்றாம் முறையாகச் செய்து பார்க்க உம்மாவிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். ஒரு கோப்பை மாவுக்கு மட்டும்தான் அனுமதி. நெய் விற்கிற விலை அப்படி.